பொய்ச் சேதாரம்

நிழலூரில் காலை ஆறு மணிக்கு நாற்பத்திரண்டாயிரம் பேரும் ஒரே சமயத்தில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார்கள். ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. நடந்து முடித்து வீட்டுக்குப் போய்க் கேழ்வரகுக் கஞ்சி குடித்தார்கள், பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், பேருந்தில் வேலைக்குப் போனார்கள். சாயங்காலம், புதிதாகத் திறந்திருந்த வணிக வளாகத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஏசியில் நின்றார்கள், கழிப்பறைக்குப் போனார்கள், குடிநீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எழிலரசி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்த ஊர்ல மனுஷங்களே இல்லையா மேடம்? எல்லாம் மகான்களா இருக்காங்க" என்றான் பக்கத்தில் நின்ற குருபரன்.

நிழலூர் நிஜ ஊர் அல்ல. தாம்பரத்துக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டியிருக்கும் மேலக்கழனி என்ற புறநகரைக் கணினிக்குள் உண்டாக்கி வைத்திருந்தார்கள். உண்டாக்கியது 'நாற்சந்தி' என்ற நிறுவனம். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், நடுவில் சாப்பாடு என்று வளாகம் கட்டுகிறவர்களுக்கு அதை எந்த இடத்தில் கட்டினால் கூட்டம் வரும் என்று சொல்வது அவர்கள் தொழில். முன்பெல்லாம் இதற்கு வாஸ்துக்காரரையும் டீக்கடைக்காரரையும் கேட்பார்கள். டீக்கடைக்காரர் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். இப்போது ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நிழல் மனிதரை உண்டாக்கி, பத்து வருஷத்தை ஒரே பிற்பகலில் ஓட்டிப் பார்க்கிறார்கள். நிழல் எங்கே போகிறதோ அங்கேதான் ஆளும் போவார். பத்துக்கு ஒன்பது தடவை அது பலித்திருக்கிறது.

நிழலை உண்டாக்க ஆளைப் பற்றித் தெரிய வேண்டும். ஒரு காலத்தில் அவரவர் கைபேசியே எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்து ஆறு வருஷமாகிறது. அதனால் பழையபடி வீடு வீடாகப் போய் நூற்றெண்பது கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்புப் பிரிவுக்கு எழிலரசி தலைவி. குருபரன் மார்க்கெட்டிங். அவள் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அவன் அதற்குப் பெயர் வைத்து விற்றுவிடுவான்.

மேலக்கழனிக்காரர்கள் நூற்றெண்பது கேள்விக்கும் வாய் கூசாமல் பொய் சொல்லியிருந்தார்கள். பாதிப் பேர், வந்திருப்பது வருமானவரிக்காரர்கள் என்று நினைத்து, கார் இல்லை, ஏசி இல்லை, தங்கம் என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். மீதிப் பேர், யாரோ சம்பந்தம் பேச விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, குடியில்லை, கடன் இல்லை, வெளிச் சாப்பாடு அறவே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். கணினி பாவம், இரண்டையும் நம்பிவிட்டது.

"பழைய நகைக்குச் சேதாரம் போடுற மாதிரி பேச்சுக்கும் போட்டுருவோம் மேடம்" என்றான் குருபரன். "சொன்னதுல இவ்வளவு தேறாதுன்னு எடுத்துட்டு மீதியை வெச்சுக்குவோம்."

அப்படியே போட்டார்கள். வருமானத்தை ஒன்றரை மடங்காக ஏற்றினார்கள். நடைப்பயிற்சியைப் பத்தில் ஒன்றாக இறக்கினார்கள். புத்தகம் படிப்பதை மொத்தமாகவே எடுத்துவிட்டார்கள். மறுபடி ஓட்டியபோது நிழலூர் ஊராக மாறியிருந்தது. எட்டு மணி வரை தூங்கினார்கள். பிரியாணிக்கு வரிசையில் நின்றார்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து அலுவலகமே கைதட்டியது.

மிச்சம் இருந்தது இடம் மட்டும்தான். கைவசம் இரண்டு இடங்கள். ஒன்று பைபாஸ் ஓரம், பெட்ரோல் பங்க் பக்கத்தில். நிலம் காலியாகக் கிடந்தது, ஆனால் எதிர்ச்சாரியில் வருகிறவன் நாலு கிலோமீட்டர் போய் யூ-டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். அதற்குள் அடுத்த ஊரிலேயே காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இன்னொன்று டெலிபோன் ஊழியர் நகர், இரண்டாவது குறுக்குத் தெரு. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மூன்று நிமிஷ நடை. அலுவலகம் வாடகைக்கு எடுக்கிறவர்கள் அடித்துக்கொள்கிற இடம். ஒரே ஒரு சிக்கல், அங்கே பதினோரு வீடுகள் இருந்தன. வீடுகளுக்குள் வயதானவர்கள் இருந்தார்கள்.

"பேர்கூட வெச்சாச்சு மேடம். தி நீம் அவென்யூ."

"அந்தத் தெருவுல வேப்பமரம் இருக்கா?"

"இப்போதைக்கு இருக்கு மேடம்."

எழிலரசி அந்தத் தெருவின் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் சுதாரித்து உட்கார்ந்திருந்தாள். குருபரன் அதைக் கவனிக்கவில்லை.

"பதினோரு பேரும் விப்பாங்களா?" என்று கேட்டாள்.

"அங்கதான் உங்க உதவி வேணும். ஒரு வீடு நடுவுல நின்னாலும் ப்ராஜெக்ட் காலி. ஆனா வீடு விக்கிறது விலையைப் பார்த்து இல்ல மேடம். நம்மகிட்ட பழைய ப்ராஜெக்ட் விவரம் எல்லாம் இருக்கு. பிள்ளைங்க வந்துபோற வீடு விக்காது. என்ன கொடுத்தாலும் விக்காது. பிள்ளைங்க வராத வீடு பதினாலு மாசத்துல வித்துரும். யாராவது போய் உட்கார்ந்து, காப்பி குடிச்சு, முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டாப் போதும். கேக்குறவன் பையில பத்திரம் இருக்குன்னு தெரிஞ்சாலும் பரவாயில்லைன்னுருவாங்க."

"சர்வேயில என்ன சொல்லியிருக்காங்க?"

"பதினோரு வீட்லயும் பிள்ளைங்க வாரா வாரம் ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். பதினோரு வீட்லயும். ஒருத்தர் பையன் அயர்லாந்துலேருந்து வாரா வாரம் வர்றானாம்."

நிழலூர் அதையும் நம்பியிருந்தது. அந்தப் பையனை ஒவ்வொரு சனிக்கிழமையும் விமானத்தில் ஏற்றி, ஞாயிறு சாப்பாட்டுக்கு இறக்கி, திரும்ப ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தது.

"நான் மூணு ஞாயித்துக்கிழமை அந்தத் தெருவுல போய் நின்னேன்" என்றான் குருபரன். "வண்டி நிறுத்த இடமே இருக்கக் கூடாது, பாருங்க. ஒரு நாய் படுத்திருந்துச்சு. நான் போறப்பவும் அது எந்திரிக்கல. ஆனா இதுக்குப் பொதுவாச் சேதாரம் போட முடியாது மேடம். பத்துப் பேர் சொல்றது பொய்யா இருக்கலாம், ஒருத்தர் வீட்டுக்கு நிஜமாவே வரலாம். நீங்க ஒவ்வொண்ணா விசாரிச்சு, உண்மை, பொய்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போடணும். திங்கட்கிழமை வேணும்."

பட்டியலை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஏழாவது வரிசையில் இருந்தவர் தணிகாசலம், எழுபத்து நான்கு வயது, தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகி நாலு வருஷம், ஒரே மகள் நாவலூரில். மகள் பெயர் எழிலரசி.

சொந்தக்காரர் பதிவு கையில் வந்தால் உடனே வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது நாற்சந்தியின் விதி. அதை எழுதியதே அவள்தான். கதவைச் சாத்திக்கொண்டு பதிவைத் திறந்தாள்.

'மகள் ஞாயிறு தவறாமல் காலை பத்தரைக்கு வருவார். மாப்பிள்ளையும் பேரன் பேத்தியும் உடன் வருவார்கள். மகள் வஞ்சிரம் வாங்கி வந்து குழம்பு வைப்பார். மாலை ஐந்து மணிக்குக் கிளம்புவார்கள்.'

எழிலரசி போன வருஷம் அப்பா வீட்டுக்குப் போனது இரண்டு தடவை. பொங்கலுக்கு ஒன்று, அவருக்குக் கண் அறுவை செய்தபோது ஒன்று. நாவலூரிலிருந்து இருபத்தேழு கிலோமீட்டர். 'இந்த வாரம் முடியல, அடுத்த வாரம் பார்க்கிறேன்பா' என்று சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியம் இப்போதெல்லாம் அவள் சொல்லாமலே அவருக்குக் கேட்டுவிடும். மீன் விஷயத்தில் அவளுக்கு வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் வித்தியாசம் தெரியாது. அவளுக்கு முகம் சுட்டது.

சொன்னது உண்மை என்று வைத்து ஓட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை நிழல் எழிலரசி மேலக்கழனி மார்க்கெட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நிழல் தணிகாசலம் பத்து மணியிலிருந்தே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தெருவில் பதினோரு வீட்டுக்கும் வண்டி வந்து, ஒருவர் வண்டியை இன்னொருவர் மறித்து, ஒரே ரகளை. பத்து வருஷம் ஓட்டியும் ஒரு வீடும் விலைக்கு வரவில்லை. வளாகம் பைபாஸுக்குப் போய், யூ-டர்னில் அடிபட்டு, மூன்றாம் வருஷம் கல்யாண மண்டபமாகிவிட்டது.

பிறகு பொய் என்று வைத்து ஓட்டினாள். நிழல் அப்பா பதினோராவது மாதத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு போனார். பதினாலு மாதத்தில் தெரு முழுக்கக் காலியானது. வளாகம் எழும்பியது. அவள் நிழலூரை நிறுத்தப் போனபோது, திறந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அடித்தளப் பார்க்கிங்கில் ஒரு கார் நுழைந்தது. அவளுடைய கார்தான். நிழல் கணவனுக்கு ஷூ வேண்டும், நிழல் பிள்ளைகளுக்குக் குதித்து விளையாட இடம் வேண்டும். நிழல் எழிலரசி மூன்றாவது மாடிக்குப் போனாள். சாப்பாட்டுக் கூடத்தில் நிழல் அப்பா ஐந்து நாற்காலி உள்ள மேஜையை முன்கூட்டியே பிடித்துவைத்து, மற்ற நாலிலும் ஒவ்வொரு பொருளை வைத்து இடம் போட்டிருந்தார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த வாரமும் வந்தாள். அந்த வருஷம் மொத்தம் முப்பத்தெட்டு ஞாயிறு.

எழிலரசி நம்பவில்லை. நாலு தடவை ஓட்டினாள். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. பெற்ற அப்பாவுக்காக வராதவள் பார்க்கிங் வசதிக்காக வாராவாரம் வருகிறாள் என்று சொன்னது யாரோ பொல்லாத சொந்தக்காரர் அல்ல, அவள் சொந்தக் கையால் கட்டிய நிழலூர். மீதிப் பத்து வீட்டையும் பார்த்தாள். சிலருக்குப் பத்து, சிலருக்கு இருபது. அப்பாவின் பக்கத்து வீட்டு அருணகிரிக்கு மட்டும் வளாகம் வந்தாலும் பூஜ்யம், வராவிட்டாலும் பூஜ்யம். அயர்லாந்துக்கு யூ-டர்ன் கிடையாது. கணினியை அணைத்தபோது அவளுக்கு அதன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சனிக்கிழமை காலை மேலக்கழனிக்குப் போனாள். கேட்டைத் திறந்த தணிகாசலம், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்ததுபோல இருந்தது. யாரும் இல்லாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். இருவரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள். அவள் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, "சர்வேக்கு வந்த பொண்ணுகிட்ட ஏன்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"எதை?"

"நான் வாரா வாரம் வரேன்னு."

தணிகாசலம் சங்கடப்படுவார் என்று நினைத்தாள். அவருக்குச் சங்கடமே இல்லை. "அந்தப் பொண்ணு முதல்ல அருணகிரி சார் வீட்டுக்குப் போச்சு. யாரோ டேப்லெட்டைத் தூக்கிட்டு வர்றாங்களேன்னு நானும் போய் உட்கார்ந்தேன். பையன் எப்போ வருவான்னு கேட்டுச்சு. வாரா வாரம்னு சொல்லிட்டார் மனுஷன். அயர்லாந்துலேருந்து. நான் வாயே திறக்கல. அப்புறம் அது நம்ம வீட்டுக்கு வந்துச்சு, அவரும் கூடவே வந்து உட்கார்ந்துட்டார். அவரை எதிர்ல வெச்சுக்கிட்டு என் பொண்ணு வர மாட்டான்னா சொல்லுவேன்? அடுத்த வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் போனோம். கடைசி வீட்டுக்குப் போறப்ப பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். அந்தம்மாவுக்குப் பிள்ளையே கிடையாது. தங்கச்சி பையன் வாரா வாரம் வர்றான்னு சொல்லிருச்சு."

"வஞ்சிரம் எதுக்குப்பா?"

"சொல்றதுதான் சொல்றோம், நெத்திலின்னா சொல்லுவாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நிழலூர், இரண்டு இடங்கள், விற்கிற வீடு, விற்காத வீடு, திங்கட்கிழமை கையெழுத்து. "உண்மைன்னு நான் டிக் பண்ணிட்டா இந்தத் தெருவைத் தொட மாட்டாங்க. அவங்க பைபாஸுக்குப் போயிடுவாங்க. நீங்க இங்கயே இருக்கலாம். பொய்னு போட்டா நாளைக்கே ஒருத்தன் காப்பி குடிக்க வந்துருவான்."

தணிகாசலம் முப்பத்தாறு வருஷம் தொலைபேசித் துறையில் இருந்தவர். இயந்திரம் சொல்வதைப் பாதியில் விடுகிற பழக்கம் இல்லை. "பொய்னு வெச்சு ஓட்டிப் பார்த்தியே, அப்புறம் என்ன நடக்குது?"

"விட்டுருங்கப்பா."

"சொல்லு."

"மால் வருது. நான் வரேன். ஞாயித்துக்கிழமையில."

"எத்தனை?"

"வருஷத்துக்கு முப்பத்தெட்டு."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, "எவ்வளவு நேரம் இருப்பே?" என்று கேட்டார்.

"நாற்பது நிமிஷம்."

"நின்னுக்கிட்டா, உட்கார்ந்தா?"

"உட்கார்ந்துதான். சாப்பிடுற இடத்துல."

"பசங்க?"

"பாதி நேரம் இருப்பாங்க. அப்புறம் விளையாடப் போயிடுவாங்க."

"போகத்தானே செய்வாங்க. சின்னப் பசங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஏதோ பெரிய சலுகையை ஏற்றுக்கொண்டதுபோல இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, மால் கீல் ஒண்ணும் வேணாம். இனிமே நான் வரேன். நானே வரேன்."

"நீ நல்ல பொண்ணும்மா. வரணும்னுதான் நினைப்பே." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "ஆனா உங்க மெஷின் பத்துக்கு ஒன்பது சரியாச் சொல்லும்னு நீதானே சொன்ன. பொய்னே போட்டுடு."

"நீங்க கட்டின வீடுப்பா இது."

"வீடா இது? பதினாறு படி, பதினாறும் பதினாறு உயரம். கொத்தனார் குடிச்சுட்டுக் கட்டினான், உங்கம்மா அன்னைக்கே சொன்னா. ஏறி இறங்கி என் முட்டி போச்சு. அங்க லிஃப்ட் இருக்கும்ல? பதினோரு வீட்டுக்கும் பொய்னு போடு. எல்லாரும் சொன்னது பொய்தான், நானே சாட்சி."

"ஒரு நிமிஷம் சார்" என்று ஒரு குரல் குறுக்கிட்டது.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அருணகிரி பேப்பரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஒட்டுக்கேட்ட கூச்சம் முகத்தில் துளியும் இல்லை. அந்தத் தெருவில் அது வழக்கமும் இல்லை.

"நான் வீட்டைக் கொடுக்கிறதா இல்ல சார். போன மாசம்கூட ஒரு புரோக்கரைத் துரத்திவிட்டேன்" என்றார் தணிகாசலத்திடம். பிறகு எழிலரசியின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "ஆனா தெரிஞ்சுக்கலாம்னு கேக்குறேன். அந்த மெஷின்ல எனக்கு எத்தனை போட்டிருக்கும்மா?"

எழிலரசிக்கு அந்த எண் தெரியும். சொல்லிவிட்டால் போதும், அவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார், அந்த வீட்டை ஒருவரும் அசைக்க முடியாது, வளாகம் பைபாஸுக்குப் போய்விடும். அப்பாவின் முப்பத்தெட்டும் அதோடு போய்விடும். இதெல்லாம் யோசித்துத்தான் பேசினாளா, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பூஜ்யம் என்று சொல்ல வாய் வராததால் பேசினாளா என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"பதினேழு, அங்கிள்."

"அயர்லாந்துலேருந்தா?"

"இல்ல, இங்கயே வந்துடுவார் போல. மேல ஆபீஸ் வருதுல்ல, அதுல ஏழாவது மாடி அவங்க கம்பெனிதான் எடுக்குது."

அருணகிரி பேப்பரைச் சுவரிலேயே வைத்துவிட்டு, "பத்மா, பதினேழாம்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக உள்ளே போனார். "என்ன பதினேழு?" என்று உள்ளிருந்து அவர் மனைவி கேட்டார். அவர் சொல்ல ஆரம்பித்தது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. ஏழாவது மாடி அதற்குள் எட்டாவது மாடியாகிவிட்டிருந்தது.

தணிகாசலம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வஞ்சிரத்தைக் கண்டுபிடித்தவருக்கு ஏழாவது மாடியைத் தெரியாதா.

"அந்தக் கம்பெனி..." என்றார்.

"இல்லப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்து அவளிடம் நீட்டினார். எழிலரசி முதல் வரிசையிலிருந்து பொய், பொய் என்று டிக் அடித்துக்கொண்டே வந்தாள். ஆறாவது வரிசையில் அருணகிரியின் பெயர் வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அதிலும் அடித்தாள். ஏழாவதிலும் அடித்தாள். பதினொன்றையும் முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பத்மாவின் குரல் கேட்டது. "அப்போ அவன் வர்றதுக்குள்ள நம்ம வீட்டு மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வைக்கணுமே. திங்கட்கிழமையே ஆளைக் கூப்பிடுங்க."